வாசகர் கேள்வி – பதில்: சாத்தானின் நாவும் இராவணனின் நாவும்

சென்ற இதழில் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகத்தைப் பற்றி எழுதியிருந்த சிறு குறிப்பைத் தொடர்ந்து திருக்கோணமலையிலிருந்தும் அதைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கேள்விகளாதலால் இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தில் சாத்தானே உண்மையான நாயகன் என்று மாணவர்கள் வாதிடுகிறார்கள். தாந்தேயின் சாத்தானோ அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறான். ஒரே கிறிஸ்தவ நம்பிக்கையில் பிறந்த இருவரும் இவ்வளவு வேறுபடக் காரணம் என்ன?
– ஆசிரியை ஒருவர், பாலையூற்று

பதில்: மில்டன் தம்மை அறியாமலே சாத்தானின் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தார் என்று ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் எழுதினார். அன்று தொடங்கிய வழக்கைத்தான் உங்கள் மாணவர்கள் இன்று நடத்துகிறார்கள். தீர்ப்புச் சொல்லுமுன், இரண்டு காவியங்களிலும் சாத்தானின் வாய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் அவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். வேறுபாட்டின் வேர் அங்கேதான் இருப்பதாக நான் கருதுகிறேன்.

தாந்தேயின் காவியமான ‘தெய்வீக இன்பியல்’ 100 காதைகள் கொண்டது. அவற்றுள் நரகத்துக்கு உரியவை 34. சாத்தானாகிய லூசிபர் கடைசிக் காதையில்தான் கண்ணுக்குத் தெரிகிறான். மார்பின் நடுப்பகுதிவரை பனிக்கட்டியில் புதைந்திருக்கும் அந்தப் பேருருவத்துக்கு மூன்று முகங்கள்: ஒன்று சிவப்பு, ஒன்று வெண்மஞ்சள், ஒன்று கறுப்பு. இறகில்லாத, வௌவாலுக்கு உள்ளவை போன்ற ஆறு சிறகுகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கின்றன. மூன்று வாய்களிலும் மூன்று துரோகிகள் மெல்லப்படுகிறார்கள். நடுவாயில் யூதாஸ், மற்ற இரண்டிலும் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும். ஆறு கண்களிலிருந்தும் வழியும் கண்ணீர் மூன்று மோவாய்களிலும் இரத்தம் கலந்த எச்சிலோடு சேர்ந்து சொட்டுகிறது. இத்தனையையும் சொல்லும் கவிஞர் அவனுக்கு ஒரு சொல்லைக்கூடக் கொடுக்கவில்லை. அவனுடைய பல்லில் சிக்கித் துடிக்கும் புரூட்டஸைப் பற்றியும், அவன் நெளிகிறானே தவிர வாய் திறக்கவில்லை என்று தனியாகச் சொல்லிவைக்கிறார்.

அந்த நரகத்தில் அவனுக்கு மேலே உள்ள இடங்களில் பலரும் பேசுகிறார்கள். காதலால் கெட்ட பிரான்செஸ்கா தன் கதையை நெஞ்சுருகச் சொல்கிறாள். யுலிசீஸ் ஒரு தீநாக்கின் உள்ளிருந்து தன் கடைசிக் கடற்பயணத்தை விவரிக்கிறான். பிள்ளைகளோடு சிறையில் பட்டினியால் செத்த உகோலினோ, தன் பகைவனின் மண்டையைக் கடித்துக்கொண்டிருந்த வாயை அந்த மண்டையின் முடியிலேயே துடைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறான். பேச்சு உள்ளவரை அவர்களிடம் மனிதத் தன்மை சிறிதேனும் எஞ்சியிருக்கிறது. கீழே போகப்போக அது தேய்ந்து, அடித்தளத்தில் வெறும் மெல்லுதலாக முடிகிறது. தீமையின் முடிவு இவ்வளவு மந்தமானது, இவ்வளவு அறிவற்றது என்று காட்டுவதே தாந்தேயின் நோக்கம். மாணவர்கள் அடைந்த ஏமாற்றம் அவர் வேண்டுமென்றே கொடுத்தது.

மில்டன் (1608–1674) வேறு வகையான வாழ்க்கையிலிருந்து வந்தவர். மன்னரைக் கொன்று அமைந்த இங்கிலாந்துக் குடியரசின் அயல்மொழிச் செயலாளராக 1649 முதல் பணியாற்றி, அந்த அரசின் செயலை ஐரோப்பாவின் முன் எழுத்தால் வாதாடியவர். பார்வையை இழந்து, 1660இல் மன்னராட்சி மீண்டதும் தம் கட்சியின் தோல்வியையும் கண்டவர். மேடைப்பேச்சு எப்படி மனிதர்களைத் திரட்டும், எப்படி ஏமாற்றும் என்பது அவருக்கு நேரடியாகத் தெரியும். அதனால் 1667இல் வெளிவந்த அவருடைய காவியத்தில் சாத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பேச்சாளன். எரியும் ஏரியிலிருந்து தலை தூக்கியதும் அவன் செய்யும் முதற்காரியம் தோழனைப் பார்த்துப் பேசுவதுதான். சொர்க்கத்தில் ஊழியம் செய்வதைவிட நரகத்தில் ஆள்வது மேல் என்கிறான். மனமே தன் இடம், அது நரகத்தைச் சொர்க்கமாகவும் சொர்க்கத்தை நரகமாகவும் ஆக்கிக்கொள்ளும் என்கிறான். தன்னை நம்பிக் கெட்ட படையைக் கண்டதும் மூன்று முறை பேச முயன்று மூன்று முறையும் அழுகிறான். தாந்தேயின் சாத்தான் வடிக்கும் கண்ணீரில் யாருக்கும் பங்கில்லை; இவன் கண்ணீர் தோழர்களுக்கானது. உங்கள் மாணவர்கள் மயங்கியது இங்கேதான், அதில் வியப்பில்லை.

ஆனால் 4ஆம் காண்டத்தைப் பாருங்கள். கேட்பதற்கு எவரும் இல்லாத இடத்தில், மலையுச்சியில் தனியே நின்று அவன் தனக்குத்தானே பேசும்போது அந்த வீரவசனங்கள் ஒன்றுகூட வரவில்லை. எந்த வழியில் பறந்தாலும் நரகமே, நானே நரகம் என்கிறான். மனந்திரும்ப இடமுண்டா என்று எண்ணிப் பார்த்து, தன் கீழ் நிற்பவர்கள் முன்னே வெட்கப்பட வேண்டுமே என்பதற்காக அதைத் தள்ளிவிடுகிறான். சபையில் பேசியது ஒன்று, மனம் அறிந்தது ஒன்று. அங்கிருந்து அவன் உருவமும் குறுகிக்கொண்டே போகிறது. முதற்காண்டத்தில் கேடயமே நிலாவளவு இருந்தவன், ஏதேன் தோட்டத்து மரத்தில் நீர்க்காகமாகவும், உறங்கும் ஏவாளின் காதோரம் தேரையாகவும், பின்பு பாம்பாகவும் வருகிறான். 10ஆம் காண்டத்தில் வெற்றியோடு திரும்பி, அரியணையில் அமர்ந்து, மனிதனை ஏமாற்றிய கதையைப் பெருமையாகச் சொல்லி முடித்துக் கைதட்டலுக்குக் காத்திருக்கிறான். எல்லாப் பக்கமிருந்தும் சீறல் ஒலியே எழுகிறது. கைகள் விலாவோடு ஒட்ட, கால்கள் முறுக்கிக்கொள்ள, அவனும் பாம்பாகித் தரையில் விழுகிறான். பேச முயல்கிறான், பிளந்த நாவு சீறலை மட்டுமே தருகிறது. தாந்தே தொடக்கத்திலேயே பறித்துவிட்ட பேச்சை மில்டன் முழுவதும் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பறிக்கிறார். நாயகன் என்று அவனை நான் ஏற்கமாட்டேன். எனினும் அவன் பேச்சில் மயங்காமலே அந்தக் காவியத்தைக் கடந்தவர் அதைச் சரியாக வாசிக்கவில்லை என்பேன்.

கேள்வி: நரகம் என்றாலே நெருப்பு என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். தாந்தே ஏன் பனிக்கட்டியை வைத்தார்?
– மாணவர் ஒருவர், உப்புவெளி

பதில்: நெருப்பும் அங்கு உண்டு, மேலே சில வட்டங்களில் தீமழையும் எரியும் கல்லறைகளும் வருகின்றன. அடியில் உள்ளவர்கள் நம்பியவர்களைக் கெடுத்த துரோகிகள். அன்பு முற்றாக அற்றுப்போன நெஞ்சுக்கு உரிய தண்டனை குளிர் என்று தாந்தே எண்ணுகிறார். அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்பதே இதில் நுட்பமானது: லூசிபரின் சிறகடிப்பில் எழும் காற்றுத்தான் அந்த ஏரியை உறையவைக்கிறது. தப்பிக்க அடிக்கும் சிறகே தன்னைப் பூட்டும் பனியை உண்டாக்குகிறது. மில்டனின் நரகத்திலும் ஓர் உறைபனிக் கண்டம் உண்டு. பாவிகள் நெருப்பிலிருந்து பனிக்கும், பனியிலிருந்து நெருப்புக்குமாக மாறிமாறிக் கொண்டுபோகப்படுகிறார்கள். பௌத்த நூல்களும் எட்டு வெப்ப நரகங்களோடு எட்டுக் குளிர் நரகங்களையும் சொல்கின்றன.

கேள்வி: மில்டனின் காவியத்தில் நம் பக்கத்து நாடுகள், கடல்கள் பற்றிய குறிப்பு ஏதும் உண்டா?
– வாசகர், நிலாவெளி

பதில்: உண்டு. அவையும் பெரும்பாலும் சாத்தானையோ வீழ்ச்சியையோ ஒட்டியே வருகின்றன. நரகத்தின் வாயிலை நோக்கி உயரப் பறக்கும் சாத்தானுக்கு, வங்கத்திலிருந்தோ தெர்னாத்தே, திதோரே தீவுகளிலிருந்தோ வாசனைப் பொருள்களை ஏற்றிக்கொண்டு பருவக்காற்றில் நெருக்கமாக வரும் கப்பல் கூட்டத்தை 2ஆம் காண்டத்தில் உவமை கூறுகிறார். தொலைவில் அந்தக் கப்பல்கள் மேகத்தில் தொங்குவதுபோலத் தெரிகின்றன என்கிறார். கோணேசர் கோயில் மலையில் நின்று தெளிவான காலைப்பொழுதில் வங்கக் கடலின் விளிம்பைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை எவ்வளவு உண்மையானது என்று சொல்ல வேண்டியதில்லை. இலண்டனில் கண்ணிழந்து அமர்ந்திருந்த ஒருவர் நூலறிவைக் கொண்டே அதைக் கண்டிருக்கிறார். பாவம் செய்தபின் ஆதாமும் ஏவாளும் உடம்பை மறைக்க இலை பறிக்கும் மரம் ஆலமரம். மலபாரிலும் தக்காணத்திலும் விழுதூன்றிப் பரவுவது என்று அடையாளமும் சொல்கிறார்.

இலங்கையின் பெயர் அவருடைய அடுத்த காவியத்தில், 1671இல் வெளிவந்த ‘மீண்ட சொர்க்கத்தில்’ வருகிறது. உரோமாபுரியின் பெருமையைக் காட்டி இயேசுவுக்கு ஆசையூட்டும் சாத்தான், அங்கே தூதர்கள் வந்து குவியும் நாடுகளுள் தப்ரபேன் தீவையும் சொல்லி, வெண்பட்டுத் தலைப்பாகை கட்டிய கருநிற முகங்களையும் காட்டுகிறான்.

கேள்வி: இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களில் இப்லீஸ் எவ்வாறு வருகிறான்? மில்டனின் சாத்தானோடு அவனை ஒப்பிட முடியுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: ஓரளவுக்கு முடியும். உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்கள் கொண்டது. அதன் நாயகர் நபிகள் நாயகம் அவர்கள். ஆதம் நபியின் படைப்பைச் சொல்லும் இடத்தில் இப்லீஸ் வருகிறானே தவிர, காவியம் அவனைச் சுற்றி நடப்பதில்லை. மில்டன் சாத்தானிலிருந்து கதையைத் தொடங்கியதுபோல ஒரு முஸ்லிம் புலவர் தொடங்கியிருக்கமாட்டார் என்பதே முதல் வேறுபாடு.

மூலமான திருக்குர்ஆனில் இப்லீஸின் குற்றம் ஒரு பேச்சாகவே பதிவாகியிருக்கிறது. ஆதமுக்குப் பணியக் கட்டளையிடப்பட்டபோது, நான் அவரைவிட மேலானவன், என்னை நெருப்பிலிருந்தும் அவரைக் களிமண்ணிலிருந்தும் படைத்தாய் என்கிறான். மில்டனின் சாத்தானும் தலைவணங்க மறுப்பதால்தான் வீழ்கிறான். இருவரையும் கெடுத்தது தற்பெருமை. ஆனால் இப்லீஸ் இறைவனோடு போர் தொடுப்பதில்லை. மறுமை நாள்வரை அவகாசம் கேட்டு, அந்த அனுமதியோடுதான் மனிதரைக் கெடுக்கப் புறப்படுகிறான். என் நெஞ்சில் ஆழப் பதிந்த இடம் இப்ராஹீம் அத்தியாயத்தில் வருகிறது. எல்லாம் தீர்ப்பாகி முடிந்தபின் ஷைத்தானாகிய இப்லீஸ் தன்னைப் பின்பற்றியவர்களிடம், உங்கள்மேல் எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, நான் அழைத்தேன், நீங்கள் வந்தீர்கள், என்னை நிந்திக்காதீர்கள், உங்களையே நிந்தித்துக்கொள்ளுங்கள் என்கிறான். மில்டனின் சாத்தான் பொய்யால் படையைத் திரட்டினான். இவன் மெய்யைச் சொல்லிக் கைவிடுகிறான். இரண்டில் எது கொடியது என்று கேட்டால், இரண்டாவதே என்பேன்.

கேள்வி: இராவணனைத் தமிழ்க் காவியத்தின் சாத்தான் என்று ஒரு பேச்சாளர் மேடையில் சொன்னார். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது மனத்தில் ஒட்டவில்லை. உங்கள் கருத்து?
– வாசகர், திருக்கோணமலை நகர்

பதில்: உங்கள் மனத்தில் ஒட்டாததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பேச்சாளர் வெறுமையிலிருந்து பேசவில்லை. கம்பனை ஹோமரோடும் வெர்ஜிலோடும் மில்டனோடும் நிறுத்தி எடைபோட்ட வ.வே.சு. ஐயர், இராவணனையும் மில்டனின் சாத்தானையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார். ஒப்புமைகள் உண்மையானவை. தோற்றபின்னும் தலை தாழாத பேச்சு இருவருக்கும் உண்டு. “வென்றிலென் என்ற போதும் வேதம்உள் ளளவும் யானும் நின்றுளென் அன்றோ மற்றவ் இராமன்பேர் நிற்கு மாயின்” என்று இந்திரசித்திடம் சொல்லும் இராவணன், தோல்வியையே புகழாக்கிக்கொள்ளும் கலையில் சாத்தானுக்குச் சளைத்தவன் அல்லன்.

ஆனால் முதற்போர் முடிந்த இரவைக் கம்பன் எப்படிப் பாடுகிறான் என்று பாருங்கள்.

“வாரணம் பொருத மார்பும் வரையினை எடுத்த தோளும்
நாரத முனிவற் கேற்ப நயம்பட உரைத்த நாவும்
தார்அணி மவுலி பத்தும் சங்கரன் கொடுத்த வாளும்
வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோ டிலங்கை புக்கான்”

மார்பு, தோள், முடி, வாள் எல்லாம் போர்க்களத்தில் இழக்கக்கூடியவை. அவற்றின் நடுவே நாவை ஏன் கம்பன் வைத்தான் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். நாரதரும் மெச்சப் பேசியவன், இராமன் “இன்று போய்ப் போர்க்கு நாளை வா” என்றபோது மறுமொழி இன்றி நின்றான். அன்று அவன் பேச்சும் களத்தில் விழுந்தது. மில்டன் 10ஆம் காண்டம்வரை காத்திருந்து செய்ததைக் கம்பன் நான்கே வரிகளில் செய்துவிட்டான். ஆயினும் கம்பன் அவனைப் பாம்பாக்கவில்லை. அரண்மனைக்குத் திரும்பிய இராவணன் வருந்துவது வானமும் மண்ணும் நகுமே என்பதற்காகக்கூட அன்று. “சானகி நகுவள்” என்று நாணிச் சாம்புகிறான். நாணம் உள்ளவனைச் சாத்தானோடு சேர்க்க என்னால் முடியாது.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது. சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாட்டில் இராவணனைப் பாடுவது வழக்கம். கோணமாமலைப் பதிகத்திலும் அது உண்டு. “எடுத்தவன் தருக்கை இழித்தவர் விரலால் ஏத்திட ஆத்தமாம் பேறு தொடுத்தவர்” என்று அந்தப் பாட்டுத் தொடங்குகிறது. கயிலையை எடுத்தவன் செருக்கை விரலால் நசுக்கினார், அவன் பாடிப் போற்றியதும் அருளும் செய்தார். தற்பெருமை, வீழ்ச்சி, நசுங்கல் என்பவை மூன்றும் லூசிபரின் கதையில் உள்ளவையே. நான்காவதான பாட்டு அங்கே இல்லை. மலையின் கீழ் நசுங்கிக் கிடந்த இராவணனுக்கு நாவு மிஞ்சியிருந்தது, அதனால் சாமகீதம் பாடினான், வாளும் நாளும் பெற்று எழுந்தான். வைணவ மரபும் இதே கருணையை வேறு வழியில் சொல்கிறது: வைகுந்தத்தின் வாயிற்காவலன் சாபத்தால் மூன்று பிறவி பகைவனாகப் பிறந்து மீண்டும் தன் இடத்துக்கே போகிறான். மீள வழியுள்ள வீழ்ச்சியைச் சாத்தானின் வீழ்ச்சியோடு ஒன்றாக்குவது இரண்டு மரபுக்கும் செய்யும் அநீதி. கோணேசர் மலைப்பாறையில் உள்ள பிளவையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் நம் முன்னோர் ஒரு தாயின் மகனுடைய கதையாகவே சொல்லிவந்திருக்கிறார்கள். அவனைப் பேயென்று அவர்கள் அஞ்சவில்லை.

கேள்வி: நம்முடைய புராண நரகங்களும் தாந்தேயின் நரகமும் ஒன்றா? துன்பப்படுவோர்மீது யாரும் இரக்கம் காட்டுவதில்லையா?
– வாசகி, மூதூர்

பதில்: குற்றத்துக்கு ஏற்ற தண்டனை என்ற கணக்கு இரண்டிலும் உண்டு. பாகவதம் இரௌரவம், கும்பீபாகம், அசிபத்திரவனம் முதலாக 28 நரகங்களைக் குற்றவாரியாகப் பிரித்துச் சொல்கிறது. ஆனால் அங்கே தண்டிப்பவன் யமன். அவன் தருமத்தின் நீதிபதி, கடவுளின் பகைவன் அல்லன். தண்டனைக்கும் எல்லை உண்டு, வினை தீர்ந்தவர் வெளியே வந்து பிறப்பார். தாந்தேயின் வாயிலில், உள்ளே வருவோர் நம்பிக்கை அனைத்தையும் விட்டுவிடுங்கள் என்று பொறித்திருக்கிறது.

இரக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எதிர்காலம் உரைத்துப் பிழைத்தவர்கள் தலை பின்பக்கம் திருகப்பட்டு, கண்ணீர் முதுகுவழி ஓட நடப்பதைக் கண்டு தாந்தே பாறையில் சாய்ந்து அழுகிறார். உடனே வழிகாட்டியான வெர்ஜில் கடிந்துகொள்கிறார்: இங்கே இரக்கம் செத்தால்தான் பக்தி வாழும் என்பது அவர் வாதம். மகாபாரதத்தின் கடைசிப் பருவத்தில் தருமன் நரகத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். நாற்றமும் இருளும் தாங்காமல் திரும்ப நினைக்கும்போது, உன் உடம்பைத் தொட்டுவரும் காற்று எங்கள் வேதனையைத் தணிக்கிறது, சிறிது நேரம் நில் என்று குரல்கள் கேட்கின்றன. யாரென்று வினவினால், கர்ணன், வீமன், அருச்சுனன், திரௌபதி என்று பதில் வருகிறது. தருமன் தூதனைத் திருப்பி அனுப்பிவிட்டு, தேவர்களையும் தருமத்தையுமே பழித்து, இங்கேயே இருப்பேன் என்கிறான். நரகத்தில் நிற்கத் தானாக முடிவுசெய்த ஒருவனை வேறு எந்தக் காவியத்தில் இவ்வளவு எளிமையாகச் சொல்லியிருக்கிறார்களோ, நான் கண்டதில்லை. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைச் சௌப்திக பருவத்தோடு நிறுத்திவிட்டதால் இந்தக் கட்டம் அவர் விருத்தத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. அது தமிழுக்குப் பெரிய இழப்பு.

கேள்வி: இவற்றையெல்லாம் முழுவதும் வாசிக்க எனக்கு நேரம் போதாது. எங்கே தொடங்கலாம்?
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: தாந்தேயில் 5, 26, 33, 34 ஆகிய காதைகள். மில்டனில் 1, 2, 4, 10 ஆகிய காண்டங்கள். முதல் இரண்டோடு நிறுத்துபவர்கள்தாம் சாத்தானை நாயகன் என்கிறார்கள். கம்பனில் முதற்போர் புரி படலத்தின் இறுதியையும் அதையடுத்து இராவணன் நகர் திரும்பும் பகுதியையும் வாய்விட்டு வாசியுங்கள். ஹோமரின் ஒடிசியில் 11ஆம் பகுதியையும் சேர்த்துக்கொள்வது நல்லது: அங்கே சாத்தான் கிடையாது, ஆனால் இறந்த அக்கிலீஸ், செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட உயிரோடு ஓர் ஏழையிடம் கூலிக்கு உழைப்பேன் என்கிறான். நரகத்தில் ஆள்வதே மேல் என்ற சாத்தானின் வாக்கை எழுதியபோது மில்டனின் காதில் அந்தக் கிரேக்க வரிகள் ஒலித்திருக்க வேண்டும். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 3615 விருத்தங்களில் பாடிய தேம்பாவணியையும், கம்பனில் தோய்ந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தையும் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன்.